மீட்கப்பட்ட பின் எப்படி நடப்பது: வன்னியில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் வவுனியா, மன்னாரின் உட்கிராமங்களிலும் இயேசுவை அண்மையில் ஏற்றுக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெபக் கூட்டமொன்றில் கை உயர்த்தியிருப்பீர்கள். ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த யாரோ உங்களுக்காகவும் ஜெபித்திருப்பார்கள். வெளிநாட்டிலுள்ள தங்கச்சி தொலைபேசியில் விடாமல் சொல்லிச் சொல்லி வந்திருப்பீர்கள். வந்த வழி எதுவானாலும் அடுத்த நாள் விடியும்போது கேள்வி ஒன்றுதான்: இனி நான் என்ன செய்ய வேண்டும்?

புதியவர்களின் கையில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் செய்யக்கூடாதவற்றின் பட்டியல். பொட்டு வைக்காதே, கோயில் பக்கம் போகாதே, படம் பார்க்காதே. அந்தப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு நடந்தது என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள். அதை விளங்காமல் பழக்கங்களை மாற்றுகிறவர் பயத்தில்தான் மாற்றுகிறார். பயம் தணிந்ததும் பழையது திரும்பி வரும்.

முதற்படி: மீட்பை ரூத்தின் கதையில் படியுங்கள்

பழைய ஏற்பாட்டில் ரூத் என்றொரு சின்னப் புத்தகம் இருக்கிறது. நான்கே அதிகாரம். ஒரே இரவில் வாசித்து முடிக்கலாம். வன்னியில் இருக்கும் ஒருவருக்கு வேதாகமத்தில் இதைவிடக் கிட்டிய கதை வேறில்லை என்று நினைக்கிறேன்.

பெத்லகேமில் பஞ்சம். எலிமெலேக்கு என்பவர் மனைவி நகோமியையும் இரண்டு மகன்மாரையும் கூட்டிக்கொண்டு மோவாப் தேசத்துக்கு இடம்பெயர்கிறார். அங்கே அவர் இறந்துபோகிறார். பத்து வருடமளவில் மகன்மார் இருவரும் இறந்துபோகிறார்கள். நகோமி மருமகள் ரூத்தோடு ஊர் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் அவளை அடையாளம் கண்டு, "இவள் நகோமியா?" என்று கேட்கிறார்கள். "என்னை அப்படிக் கூப்பிடாதேயுங்கோ, மாரா என்று கூப்பிடுங்கோ, என்ர வாழ்வு கசந்துபோச்சு, நிறைவாய்ப் போனேன், வெறுமையாய் வந்து நிற்கிறன்" என்ற பொருளில் பதில் சொல்கிறாள். முகாமிலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பி, கூரையில்லாத வீட்டைப் பார்த்து நின்ற எத்தனையோ தாய்மாருக்கு இந்த வார்த்தை புதிதல்ல.

இஸ்ரவேலரின் சட்டத்தில், வறுமைப்பட்டுக் காணியை இழந்த ஒருவருக்காக அவருடைய நெருங்கிய இரத்த உறவினர் விலை கொடுத்து அந்தக் காணியை மீட்டுக் கொடுக்கலாம். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. நகோமிக்கு அப்படி ஒரு உறவினர் இருந்தார். காணியை வாங்க முதலில் சம்மதித்தவர், ரூத்தையும் பொறுப்பேற்க வேண்டும் என்றதும் தன்னுடைய முதுசம் கெட்டுவிடும் என்று பின்வாங்கினார். அடுத்த உறவினரான போவாஸ் ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களை இருத்தி, எல்லோரும் பார்க்க அந்தப் பொறுப்பை ஏற்றார். ரூத்துக்குப் பிறந்த ஓபேத்தைத் தூக்கி வளர்த்தவள் நகோமி. அந்த ஓபேத்தின் பேரன்தான் தாவீது ராஜா. அந்த வம்சத்தில்தான் இயேசு பிறந்தார்.

மீட்கிறவர் உறவினராக இருக்க வேண்டும். விலை கொடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். கொடுக்க மனமுள்ளவராகவும் இருக்க வேண்டும். கடவுளின் குமாரன் மனிதனாகப் பிறந்து நமக்கு உறவானார், பாவமில்லாதவராக இருந்தபடியால் நம்முடைய பாவத்தின் விலையைக் கொடுக்கக்கூடியவராக இருந்தார், யாரும் கட்டாயப்படுத்தாமல் சிலுவைக்குப் போனார் என்பதே சுவிசேஷம். அழிந்துபோகும் வெள்ளியாலோ பொன்னாலோ நீங்கள் மீட்கப்படவில்லை, கிறிஸ்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 1:18, 19).

கதையில் நகோமி என்ன செய்தாள் என்று கவனியுங்கள். காணிக்கான விலையில் ஒரு காசுகூட அவள் கொடுக்கவில்லை. கடவுளைக் குறைசொல்லி அழுதபடி ஊருக்குள் வந்தாள். அந்த அழுகைக்காக யாரும் அவளைத் தள்ளி வைக்கவுமில்லை. உங்கள் மீட்பும் இப்படித்தான். இத்தனை நாள் உபவாசம் இருந்தால், இவ்வளவு காணிக்கை போட்டால் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் எபேசியர் 2:8, 9 வசனங்களை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நல்ல நடத்தை மீட்புக்குப் பின்னால் வருகிறது. அதற்கு விலையாக அதைக் கொடுக்க முடியாது.

இரண்டாம் படி: முன்னைய வாழ்க்கையைச் சரியாகப் பாருங்கள்

விசுவாசத்துக்கு வந்தவர்களைச் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். "நான் முந்தி இருட்டில இருந்தன்" என்று தொடங்குவது வழக்கம். இதில் இரண்டு காரியங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேதாகமம் முன்னைய வாழ்க்கை என்று சொல்வது பாவத்துக்கு அடிமைப்பட்ட வாழ்க்கையை. பொய், பொறாமை, மனைவிக்குக் கை நீட்டியது, அயலவனின் எல்லைக்கல்லை நகர்த்தியது, சாதி பார்த்து ஒருவரை வாசலோடு நிறுத்தியது. இதில் சைவக் குடும்பத்தில் பிறந்தவருக்கும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவருக்கும் வேறுபாடு கிடையாது. எல்லோரும் பாவம் செய்தார்கள் என்று ரோமர் 3:23 சொல்லும்போது அதில் சபைக்குள் பிறந்தவர்களும் அடங்குகிறார்கள். உங்களை வளர்த்த அம்மா கற்றுத்தந்த விருந்தோம்பலும் அப்பாவின் உழைப்பும் இருட்டு அல்ல. அவற்றைச் சபை மேடையில் இழிவாகப் பேச யாரும் உங்களைக் கேட்கக்கூடாது.

மற்றது இன்னும் முக்கியமானது. போரில் நீங்கள் பட்டது உங்கள் பாவத்துக்கான தண்டனை என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "நீங்கள் அப்பவே ஆண்டவரை அறிந்திருந்தால் இப்படி நடந்திராது" என்று சொல்வது கொடுமை. அது வேதாகமத்துக்கும் எதிரானது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்வியை இயேசுவே எடுத்து, இல்லை என்று பதில் சொன்னார் (லூக்கா 13:4, 5). மனந்திரும்பச் சொன்னது செத்தவர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர்களை.

ஆகவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். நான் செய்தவை ஒரு பக்கத்தில், எனக்குச் செய்யப்பட்டவை மறுபக்கத்தில். முதற் பக்கத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். மறுபக்கத்துக்கு ஆறுதல் கேளுங்கள். இரண்டையும் கலந்தால், தான் செய்யாத குற்றத்துக்காக வாழ்நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கும் மனிதராகிவிடுவீர்கள்.

மூன்றாம் படி: வாசிப்பு

பலர் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், ஓட்டமாகப் போகும். பிறகு லூக்கா. அதன்பின் ரோமர் 1 முதல் 8 வரை மெதுவாக. சங்கீதத்தை நாளுக்கு ஒன்றாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"லூக்கா 15:11" என்றால் லூக்கா என்ற புத்தகம், 15ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். சபையில் எல்லோரும் சட்டெனப் பக்கத்தைப் புரட்டும்போது உங்களால் முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பக்க அட்டவணையைப் பாருங்கள்.

சபைகள் பலவற்றில் பாவிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் வடமொழிச் சொற்கள் கூட. பெரும்பாலும் வாய்விட்டு வாசித்தால் பிடிபடும். கத்தோலிக்கருக்கும் மற்றச் சபைகளுக்கும் பொதுவாக 1995இல் வந்த திருவிவிலியம் இக்காலத் தமிழில் இருப்பதால் முதல் வாசிப்புக்கு இலகு. இரண்டையும் வைத்திருப்பது நல்லது. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்களும் மற்றச் சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்களும் இருக்கும். அது பிழையான அச்சு அல்ல, சபைகளின் மரபு. தமிழில் வேதாகமம் வந்த கதையும் நமக்கு அந்நியமானதல்ல. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு வேலைக்குத் துணைநின்றவர் சைவத்தின் காவலரான ஆறுமுக நாவலர்.

நான்காம் படி: உள்ளதை உள்ளபடி ஜெபியுங்கள்

ஜெபத்துக்குத் தனி மொழி தேவையில்லை. வீட்டில் கதைக்கிற தமிழ் போதும். ஒழுங்கு வேண்டுமென்றால் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை (மத்தேயு 6:9-13) ஒவ்வொரு வரியாக நின்று நின்று சொல்லுங்கள். அழுகை வந்தால் சங்கீதம் 13. ஒன்றுமே சொல்ல முடியாத நாளில் சங்கீதம் 88. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் பாட்டு. அதையும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரைப் போல உங்கள் வீட்டிலும் ஒரு படம் சுவரில் இருக்கலாம். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானித்துக்கொண்டுதான் ஜெபிக்க வேண்டும் என்றில்லை. "ஆண்டவரே, அவன் எங்கே இருந்தாலும் உம்முடைய கைக்குள்ளே இருக்கிறான், எனக்கு உண்மை தெரிய வேணும்" என்று கேட்கலாம். அதுவே முழுமையான ஜெபம்.

"உங்கட மகன் இந்தத் திசையில இருக்கிறார், எனக்குக் காட்டப்பட்டது" என்று தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் வருவார்கள். அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம். காணிக்கையும் கேட்டால் வாசலிலிருந்தே அனுப்பிவிடுங்கள். கர்த்தர் சொல்லாததைக் கர்த்தரின் பேரால் சொல்கிறவனைக் குறித்து உபாகமம் 18:20-22 மிகக் கடுமையாகப் பேசுகிறது. ஒரு தாயின் காத்திருப்பை வைத்துப் பிழைப்பவருக்கு அந்தக் கடுமை தகும்.

ஐந்தாம் படி: கணக்கைச் சரிசெய்யுங்கள்

இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்று, வரி வசூலிப்பவரான சகேயு எழுந்து நின்று, பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார் (லூக்கா 19). இயேசு இதை ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த சந்தோஷம் அவரை அப்படிச் செய்ய வைத்தது.

கைமாற்றாக வாங்கி மறைந்து திரிந்த காசு, சீட்டுக் காசில் விழுந்த துண்டு, கடை கொப்பியில் நிற்கும் நிலுவை, இவற்றை முதலில் எழுதுங்கள். ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் கொடுக்க வேண்டியவரின் வீட்டுக்கு நேரே போய், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு நடை உங்கள் ஊரில் பத்துப் பிரசங்கத்துக்குச் சமம். நுண்கடன் எடுத்து மாட்டுப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, கடன் ஒப்பந்தத்தை அவரோடு இருந்து வாசியுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

கதையாமல் இருக்கும் சகோதரங்களிடமும் போக வேண்டும். மத்தேயு 5:23, 24இன்படி காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக்கூடப் போகலாம்.

மன்னிப்பைப் பற்றி ஒரு விளக்கம். மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையை ஆண்டவர் கையில் விடுவது. நடந்ததை மறப்பதோ, உண்மையைக் கேட்பதை நிறுத்துவதோ அதற்குள் வராது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் ராஜா பறித்தபோது கடவுள் எலியா தீர்க்கதரிசியை அனுப்பி ராஜாவை நேருக்கு நேர் கேட்கவைத்தார் (1 இராஜாக்கள் 21). பறிபோன காணிக்காகக் கேப்பாப்புலவில் வீதியில் இருந்த சனங்கள் விசுவாசத்துக்கு மாறாக எதையும் செய்யவில்லை. மன்னித்த மனதோடு நீதி கேட்கலாம்.

ஆறாம் படி: வீடு

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். வீட்டில் நீங்கள் மட்டும் விசுவாசி. அம்மா விளக்கேற்றுகிறார், கணவர் முறுகண்டியைக் கடக்கும்போது வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைக்கிறார், வைகாசி வந்தால் குடும்பமே வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறது.

சாமியறை அம்மாவுடையது. அங்குள்ள எதையும் எடுக்கவோ உடைக்கவோ உங்களுக்கு உரிமையில்லை. உங்கள் விசுவாசம் உங்களுடையது என்றால் அவருடையது அவருடையது. முதல் மாதங்களில் வீட்டாரோடு வாதாடாதீர்கள். அவர்கள் பார்க்கப்போவது உங்கள் வாயை அல்ல. கோபம் குறைந்ததா, தண்ணீர் அள்ளக் கூப்பிட்டால் உடனே எழும்புகிறீர்களா, குடியை விட்டீர்களா என்றுதான் பார்ப்பார்கள். விசுவாசியாத கணவனை மனைவியின் நடக்கையே பேச்சில்லாமல் ஆதாயப்படுத்தலாம் என்று 1 பேதுரு 3:1 சொல்கிறது. அடிக்கிற கணவனைச் சகித்திரு என்று யாரும் இந்த வசனத்தைத் திருப்பக்கூடாது. அடி விழுந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பொலிசுக்கும் சொல்லுங்கள். கணவன் அல்லது மனைவி விசுவாசியாதவர் என்ற காரணத்துக்காக மட்டும் பிரியாதீர்கள் (1 கொரிந்தியர் 7:12, 13).

செத்தவீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். கட்டாயம் போங்கள். பந்தல் போடுங்கள், தேநீர் ஊற்றுங்கள், இரவு விழித்திருங்கள், சுடலை வரை நடவுங்கள். நம் ஊர்களில் துக்கத்துக்குப் போகாதவரை யாரும் மறப்பதில்லை. அது சரியும்கூட. கிரியையில் நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் வந்தால், அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும் மூத்த மகனாக இருந்தால், முன்கூட்டியே மாமா, பெரியப்பா போன்றவர்களோடு தனியே கதையுங்கள். "அப்பாவுக்கு மகனாய்ச் செய்ய வேண்டிய எல்லாம் செய்வன், இந்த ஒன்றை மட்டும் தம்பி செய்யட்டும்" என்று பணிவாகக் கேட்டால் வழி பிறக்கும். இதில் எதுவரை செய்யலாம் என்று சபைக்குச் சபை கருத்து மாறும். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் கர்த்தரை விசுவாசித்த பிறகும், ராஜா தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனிய வேண்டி வருமே என்று கலங்கினார். எலிசா தீர்க்கதரிசி அவரிடம், சமாதானத்தோடே போ என்று மட்டும் சொன்னார் (2 இராஜாக்கள் 5:18, 19). அந்தப் பொறுமையை உங்கள் போதகரும் உங்களுக்குக் காட்ட வேண்டும்.

சாமிக்குப் படைத்த சாப்பாட்டைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் வாசித்து உங்கள் மனச்சாட்சிக்கேற்ப நடவுங்கள்.

ஏழாம் படி: சபையும் ஞானஸ்நானமும்

வன்னியில் பல மரபுகள் இருக்கின்றன. ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் திரளும் மடுவைக் கொண்ட கத்தோலிக்கத் திருச்சபை இருக்கிறது. 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்தர், 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன் சபை, பெந்தெகொஸ்தே மற்றும் சுயாதீன சபைகள் என்று தொடரும். உங்களை அழைத்துவந்தவரின் சபையிலேயே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. சில மாதங்கள் கவனியுங்கள்.

நல்ல சபையில் கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டார்கள். காணிக்கைக் கணக்கு சபையாருக்குக் காட்டப்படும். மருந்தை நிறுத்து, ஜெபம் போதும் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழும்புங்கள். நீரிழிவு மாத்திரையையோ மனநல மாத்திரையையோ நிறுத்துவது விசுவாசமல்ல. மற்றச் சமயத்தவரின் தெய்வங்களைத் திட்டிப் பிரசங்கிப்பவரும் உங்களுக்கு வேண்டாம்.

வீடு கட்டித் தருகிறோம், மாதம் உதவி தருகிறோம் என்ற பேச்சோடு சுவிசேஷம் வந்திருந்தால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். உதவி தேவையென்றால் உதவியாகக் கேளுங்கள், அது கிடைக்காமல் போனாலும் இயேசு வேண்டுமா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். "பால்மாவுக்கு மாறினவை" என்று ஊர் சொல்லும் வார்த்தைக்கு அதைவிடப் பதில் இல்லை. விருப்பமான சமயத்தைத் தழுவும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. அதே உறுப்புரை உங்கள் அயலவரின் சமயத்தையும் காக்கிறது.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்பட வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்கள் ஆயத்தக் காலம் ஒன்றைக் கடந்து பெரும்பாலும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்குப் பெறுவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் குளத்திலோ கடலிலோ முழுக்கிக் கொடுப்பார்கள். முறை எதுவானாலும் பொருள் ரோமர் 6:3, 4இல் இருக்கிறது. கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு அவரோடு எழும்புகிறோம். அந்த அதிகாரத்தை உங்கள் சொந்தச் சொல்லில் ஒருவருக்கு விளக்க முடிந்தால் ஆயத்தமாகிவிட்டீர்கள். வீட்டாருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். வேறொருவரின் கைத்தொலைபேசிப் படத்தில் அம்மா அதைப் பார்க்கக்கூடாது.

எட்டாம் படி: விழுந்தால்

விழுவீர்கள். நிறுத்திய கசிப்பை ஒரு கலியாண வீட்டில் மறுபடி குடிப்பீர்கள், பிள்ளைக்கு அடிப்பீர்கள். அன்று இரவே 1 யோவான் 1:9ஐ வாசியுங்கள், காலையில் யாரைக் காயப்படுத்தினீர்களோ அவரிடம் போங்கள். மீட்பு ஒரே நாளில் முடிந்த காரியம். பரிசுத்தமாகுதல் சாகும்வரை நடக்கும். விழுந்தபடியால் முதலாவது பொய்யாகிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் சபைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்.

நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிராபத்தாகலாம். வைத்தியசாலைக்குப் போய் மருந்தோடு நிறுத்துங்கள். போரின் காட்சிகள் இரவில் திரும்பத் திரும்ப வந்தாலும், வாழப் பிடிக்காமல் போனாலும் போதகரிடம் சொல்வதோடு வைத்தியரிடமும் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கடைசியாகப் பெயர் மாற்றம். ஞானஸ்நானத்துக்கு யோசுவா, எஸ்தர் என்று புதுப் பெயர் எடுக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. பவுலோடு உழைத்த பெபேயாளும் எப்பாப்பிரோதீத்துவும் கிரேக்கத் தெய்வப் பெயர்களின் வழிவந்த பெயர்களோடேயே சபையில் இருந்தார்கள், பவுலும் அந்தப் பெயர்களால்தான் அவர்களைக் கடிதத்தில் குறிப்பிட்டார். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, காணிப் பத்திரம் எல்லாம் உங்கள் இப்போதைய பெயரில் இருக்கின்றன. மீள்குடியேற்றத்தின்போது ஆவணங்களைத் தொலைத்து மறுபடி எடுத்தவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். சபைப் பதிவேட்டிலும் ஞானஸ்நானச் சான்றிதழிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லி, எழுத்துப் பிழை இல்லையா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.